ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன்

ஒரு காரியத்தைச் செய்ய மனமில்லை, மாட்டேன் என்று சொல்லவும் துணிவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு: “ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன்.” அதற்குமேல் யாரும் வற்புறுத்துவதில்லை. ஜெபிக்கப் போகிறவனை அவசரப்படுத்த யாருக்கு மனம் வரும்? சம்பந்தம் பேசும் வீட்டிலும், சேகரக் கமிட்டியிலும், கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கும் இடத்திலும்கூட இந்தப் பதிலைக் கேட்டிருக்கிறேன். பல வேளைகளில் அது உண்மையான ஜெபம்தான். அப்படி ஜெபித்து வழி கண்டவர்கள் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். என் விஷயத்தில் அது அப்படி இருக்கவில்லை. ஆண்டவருக்கு விரோதமாக நான் நடத்திய நீண்ட கலகம் இந்தப் பதிலுக்குப் பின்னால்தான் நடந்தது.

கலகம் என்றதும் நமக்கு யார் நினைவுக்கு வருகிறார்கள்? மோசேக்கு எதிராக எழும்பிய கோராகு, தகப்பனுக்கு எதிராகப் படை திரட்டிய அப்சலோம், சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசம் போன இளையகுமாரன். ஞாயிறு பள்ளியில் இவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பகலில் ஆசிரியர் வேலை, மாலையில் தவறாத குடும்ப ஜெபம், சம்பளத்தில் தசமபாகம், கமிட்டியில் ஓர் இடம், அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரும் பூசணிக்காயும் ஏலம் போகும்போது முன்நின்று நடத்துகிற பொறுப்பு என்று என் நாட்கள் கோயிலைச் சுற்றியே ஓடின. அந்தக் கலகக்காரர்களோடு என் பெயரையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் மகள், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது, தன்னோடு வேலை செய்யும் ஒருவரைத் திருமணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னாள். பையனும் தென்னிந்தியத் திருச்சபைதான், எங்கள் திருமண்டலம்தான். திடப்படுத்தல் எடுத்தவன், ஊர்க் கோயில் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவன், வேலையிலும் குணத்திலும் குறைசொல்ல ஒன்றுமில்லாதவன். சாதி மட்டும் வேறு. அதுவும் எங்கள் உறவுக்காரர்கள் தங்களுக்குக் கீழே என்று நினைக்கிற சாதி.

நான் கோபப்படவில்லை. சத்தம் போடவில்லை. “ஜெபம் பண்ணுவோம்மா, ஆண்டவருக்குச் சித்தமானா நடக்கட்டும்” என்றேன். அவள் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது. மற்ற வீடுகளில் நடப்பதுபோல அடியும் பூட்டும் இல்லாமல், விசுவாசியாக நடந்துகொண்டோம் என்ற நிறைவு எனக்கும் இருந்தது.

அதன்பின் மழைக்காலங்களும் கோடைகளும் மாறி மாறிப் போயின. நான் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தேன். அதில் பொய்யில்லை. காலையில் முழங்காலில் நின்று அவள் பெயரைச் சொன்னேன். லெந்து நாட்களில் உபவாசம் இருந்தேன். அவள் அழைத்துக் கேட்கும்போதெல்லாம், “இன்னும் தெளிவு கிடைக்கலம்மா” என்றேன். தெளிவுக்காக அடையாளங்களைத் தேடினேன். அவர்கள் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால், இது ஒரு தடையோ என்று யோசித்தேன். சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளையின் ஜாதகமில்லாத குறிப்பு வீட்டுக்கு வந்தபோது, கேட்காமலே வந்ததே, இதுதான் பதிலோ என்று என் உள்ளம் துள்ளியது. வேதம் வாசிக்கும்போதும் சங்கீதத்திலும் நீதிமொழிகளிலும் நின்றுகொண்டேன். அப்போஸ்தலர் நடபடிகளின் பக்கம் என் விரல் போகவில்லை. அது ஏன் என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

என் மனைவிதான் கேட்டாள். ஒரு இரவு குடும்ப ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டும்போது, குரலை உயர்த்தாமல், “ஜெபம் பண்ணுதேன், ஜெபம் பண்ணுதேன்னு சொல்லுதீங்களே, ஆண்டவர்ட்ட என்னத்தக் கேக்கீங்க?” என்றாள்.

அவருடைய சித்தத்தைக் கேட்கிறேன் என்று பதில் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தது அவருடைய சித்தத்தை அல்ல. என் மகள் அலுத்துப்போய் மனம் மாற வேண்டும், அல்லது அந்தப் பையன் விலகிக்கொள்ள வேண்டும், மறுத்தவன் என்ற பெயர் எனக்கு வராமல் காரியம் தானாக நின்றுபோக வேண்டும். இதைத்தான் ஒவ்வொரு காலையும் கேட்டேன். உம்முடைய சித்தம் என்ற சொற்களை முன்னும் பின்னும் வைத்துக் கேட்டேன். அவருடைய சித்தம் என்ன என்று எனக்கு முதல் நாளே தெரியும். கிறிஸ்துவுக்குள் யூதனும் கிரேக்கனும், அடிமையும் சுயாதீனனும் ஒன்று என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதை மனப்பாட வசனமாகப் பிள்ளைகளிடம் ஒப்பிக்கக் கேட்டவன் நான். தெரிந்த பதிலைத் தெரியாததுபோல் திரும்பத் திரும்பக் கேட்டேன். எழுந்து போகாமலிருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது; முழங்காலில் நிற்பதையே அந்தக் காரணமாக்கிக்கொண்டேன்.

அந்த வாரம்தான் நான் விலகி நின்ற அப்போஸ்தலர் நடபடிகளைத் திறந்து பத்தாம் அதிகாரத்தை வாசித்தேன். யோப்பா பட்டணத்தில் சீமோன் என்ற தோல் பதனிடுகிறவனின் வீட்டு மேல்மாடியில் பேதுரு மதிய வேளையில் ஜெபிக்கிறான். பசி. அப்போது சகல மிருகங்களும் நிறைந்த ஒரு துப்பட்டி வானத்திலிருந்து இறங்குகிறது, அடித்துப் புசி என்று குரல் வருகிறது. பேதுரு ஆண்டவரே என்று அழைத்த அதே மூச்சில் முடியாது என்கிறான். தீட்டானதைத் தான் ஒருநாளும் தின்றதில்லையாம். எத்தனையோ தடவை வாசித்த பகுதிதான். அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்காரனின் தொழில் என் கண்ணில் பட்டது. செத்த மிருகத்தின் தோலைத் தொட்டுப் பிழைக்கிறவனின் வீட்டில் பேதுரு தங்கியிருக்கிறான், அவன் சோற்றைச் சாப்பிடுகிறான். அங்கே உட்கார்ந்துகொண்டே தான் தீட்டைத் தொடாதவன் என்கிறான். ஒரு வேலியைத் தாண்டிவிட்டவன் அடுத்த வேலியைக் கடவுளே போட்டதாக நம்புகிறான். நானும் அப்படித்தான். வேறு சாதிக்காரரோடு கமிட்டியில் உட்கார்வேன், அசனப் பண்டிகையில் ஒரே பந்தியில் சாப்பிடுவேன், என்னிடம் வேற்றுமை இல்லை என்பதற்கு அதையே சாட்சியாகச் சொல்வேன்.

யோப்பா என்ற ஊரும் என்னை விடவில்லை. நினிவேக்குப் போகச் சொன்னபோது யோனா தர்ஷீசுக்குக் கப்பல் ஏறியது அதே துறைமுகத்தில்தான். கூலி கொடுத்து ஏறினான் என்று வேதம் சொல்கிறது. அந்நியருக்கு இரக்கம் கிடைப்பதைப் பொறுக்க முடியாமல் ஒருவன் ஓடிய ஊரில், பல நூற்றாண்டுகள் கழித்து இன்னொருவனிடம் அதே காரியத்தை ஆண்டவர் கேட்கிறார். துப்பட்டி மூன்று தடவை இறங்கியது. பேதுரு அதன் பொருளைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போதே கொர்நேலியு அனுப்பிய ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவன் அவர்களை உள்ளே அழைத்து அன்றிரவு தங்க வைத்தான். மறுநாள் புறப்பட்டான். அதற்கு அடுத்த நாள் செசரியாவில், ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதியான அந்தக் கொர்நேலியுவின் வீட்டுக்குள் கால் வைத்தான். முதலில் மறுத்தவன்தான். ஆனால் மூன்றாம் நாள் அவன் கால் அந்த வாசலைத் தாண்டியிருந்தது.

என் ஊரின் சரித்திரமும் எனக்குத் தெரியாதது அல்ல. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் சாதியைச் சபைக்குள் விட மறுத்தவர். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னாட்டுச் சபைகள் சாதி வேற்றுமையை உடனே விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதற்குப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. இன்றும் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கங்களுக்காக வாதாடியவர்களில் ஒருவர். இதை அவரைக் குறைத்துச் சொல்வதற்காக எழுதவில்லை. அவர் பக்தியில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவ்வளவு பக்தியும் இந்த ஒரு கதவைத் திறக்கப் போதவில்லை என்பதுதான் என்னை நடுங்க வைத்தது. 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் தங்கள் பழைய வேற்றுமைகளைத் தாண்டி ஒரே திருச்சபையாயின. அந்தச் சபையின் ஆராதனை முறைப்படி, திருவிருந்துக்கு முன் கைகளைப் பற்றிச் சமாதானத்தை ஒருவருக்கொருவர் கொடுக்கிறோம், ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுகிறோம். அந்தப் பையனின் சாதிக்காரர்கள் குடித்த பாத்திரத்தில் எத்தனையோ வருஷமாக நான் குடித்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக் காப்பி டம்ளரை நினைத்தபோது மட்டும் எனக்குத் தெளிவு தேவைப்பட்டது.

காத்திருப்பதெல்லாம் கலகம் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையாகவே வழி தெரியாமல் மாதக்கணக்கில் ஜெபிக்கிறவர்களை இந்தக் கட்டுரை காயப்படுத்திவிடக் கூடாது. பவுல் தன் மாம்சத்திலுள்ள முள் நீங்கும்படி மூன்று தடவை கேட்டான். கிருபை போதும் என்ற பதில் வந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டான். பிலேயாமுக்கும் முதலிலேயே பதில் கிடைத்தது: போகாதே, அந்த ஜனத்தைச் சபிக்காதே. மோவாபின் ராஜா இன்னும் பெரிய பிரபுக்களையும் பெரிய வெகுமதியையும் அனுப்பியபோது, இந்த இரவும் தங்குங்கள், கர்த்தர் மேலும் என்ன சொல்வாரோ பார்க்கிறேன் என்றான். மேலோட்டமாகப் பார்த்தால் எவ்வளவு பக்தியான பேச்சு! கிடைத்த பதில் பிடிக்கவில்லை, வேறு பதில் கிடைக்குமா என்று இன்னொரு இரவு ஜெபிக்கப் போகிறான், அவ்வளவுதான். ஆயி பட்டணத்தில் தோற்றபின் யோசுவா கர்த்தருடைய பெட்டிக்கு முன்பாகச் சாயங்காலம் வரை முகங்குப்புற விழுந்து கிடந்தபோது, ஏன் இப்படிக் கிடக்கிறாய், எழுந்திரு என்று ஆண்டவரே சொன்னார். பாளயத்துக்குள் சரிசெய்ய வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. ஜெபத்தை நிறுத்தச் சொல்லும் குரலும் அவருடையதாக இருக்கலாம் என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

கடைசியில் நானும் என் மனைவியும் அந்தப் பையனின் வீட்டுக்குப் போனோம். அதற்கு முன்பு என் உள்ளம் மாறிவிட்டதா என்று கேட்டால், இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது என் அண்ணன் என்ன சொல்வார், அக்கா வீட்டில் நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது என்றுதான் யோசித்தேன். உள்ளம் மாறியபின் கீழ்ப்படியலாம் என்று காத்திருந்ததும் என் கலகத்தின் ஒரு பகுதிதான் என்று பிறகு புரிந்தது. அவர்கள் எங்களை உட்காரவைத்து, கோழிக் குழம்பும் சோறும் போட்டார்கள். சாப்பாட்டுக்கு முன் பையனின் அப்பா ஜெபித்தார். எங்கள் மகளுக்காகவும் ஜெபித்தார், அவள் பெயரைச் சொல்லி. எவ்வளவு காலமாக அப்படி ஜெபித்து வந்தார் என்பது அந்தக் குரலின் பழக்கத்திலேயே தெரிந்தது. பிறகு தனியாகப் பேசும்போது அவர் சொன்னார்: “நீங்க வருவீங்கன்னு நாங்க நினைக்கலை சார். வந்து எம் பிள்ளைய வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருவீங்களோன்னு எங்களுக்குப் பயம்.” நான் தெளிவுக்காகக் காத்திருந்த அத்தனை காலமும் இன்னொரு வீட்டில் ஒரு குடும்பம் தலைகுனிவுக்குத் தங்களைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தது. என் கீழ்ப்படியாமை எனக்கும் ஆண்டவருக்கும் இடையே உள்ள விஷயம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அதன் சுமையை வேறு யாரோ சுமந்துகொண்டிருந்தார்கள்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மகளிடம் கேட்பதுதான் இன்னும் கடினமாக இருந்தது. அவள் அழுதுகொண்டே, “நீங்க முடியாதுன்னு சொல்லிருந்தாகூட உங்களோட சண்டை போட்டிருப்பேன்ப்பா. ஜெபம் பண்ணுதேன்னு சொல்லுற ஆள்ட்ட எப்படிச் சண்டை போடுறது?” என்றாள்.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது மறுபடியும் அதே இடத்தில் நின்றேன். எங்கள் பக்கத்தில் ஊரின் பெயரும் தெருவின் பெயருமே சாதியைச் சொல்லிவிடும். மாப்பிள்ளையின் தகப்பனார் பெயருக்கு மேல் சொந்த ஊரைப் போடாமல் சென்னை என்று மட்டும் போட்டால் என்ன என்று அச்சகத்தில் நின்று யோசித்தேன். யாருக்கும் நஷ்டமில்லை, உறவுக்காரர்களுக்குச் சங்கடம் குறையும் என்றெல்லாம் காரணங்கள் வரிசையாக வந்தன. அந்தியோகியாவில் பேதுருவும் இப்படித்தான் சறுக்கினான். புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிப் போய்விட்டான். துப்பட்டியைக் கண்ணால் கண்டவன், கொர்நேலியுவின் வீட்டில் பரிசுத்த ஆவி இறங்கியதைக் கண்டவன் அவன். பவுல் அவனை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தான். என்னைக் கண்டிக்க அங்கே யாரும் இல்லை. அச்சகக்காரர் எழுதுவதற்குக் காத்திருந்தார், அவ்வளவுதான். ஊரின் பெயரைச் சொன்னேன். ஆலயத்தில் திருமண அறிக்கை வாசித்த ஞாயிறுகளில் அந்த ஊரின் பெயரும் சேர்ந்தே சபையின் காதில் விழுந்தது. என் அண்ணன் வீட்டிலிருந்து யாரும் திருமணத்துக்கு வரவில்லை. இன்றுவரை அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அந்த வலி இருக்கிறது. அதையும் ஆண்டவரிடம்தான் சொல்கிறேன்.

இந்தப் பெரிய காரியத்தில் பிடிபட்ட பிறகுதான் சின்னக் காரியங்களில் அதே கை எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. உடன் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அவர் மனம் இளக வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனையில் கிடந்த ஒருவரைப் பார்க்கப் போகாமல், தூரத்திலிருந்தே அவருக்காக ஜெபித்தேன். எங்கள் சபைப் போதகரின் பிரசங்கம் என்னைக் குத்திய நாளில், அவருக்காகப் பாரத்தோடு ஜெபிக்கிறேன் என்று நாலு பேரிடம் சொல்லி அவரைக் குறைத்துப் பேசினேன். எதிலும் ஆண்டவரைப் பார்த்து மாட்டேன் என்று நான் சொன்னதில்லை. இயேசு சொன்ன உவமையில் தகப்பன் இரண்டு பிள்ளைகளைத் திராட்சத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகச் சொல்கிறான். மாட்டேன் என்றவன் மனஸ்தாபப்பட்டுப் போனான். போகிறேன் ஐயா என்று மரியாதையாகச் சொன்னவன் போகவில்லை. என் வாழ்நாள் முழுவதும் நான் இந்த இரண்டாம் மகனாகத்தான் இருந்திருக்கிறேன்.

அதனால் இப்போது என் ஜெபம் மாறியிருக்கிறது. எனக்கு விருப்பமில்லாததை விருப்பமில்லை என்றே முதலில் சொல்லிவிடுகிறேன். “ஆண்டவரே, அவர் வீட்டுக்குப் போக எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குக் கௌரவம் போய்விடும் என்று பயமாக இருக்கிறது.” இப்படிச் சொல்ல முதலில் கூச்சமாக இருந்தது. வேதத்தில் அப்படிப் பேசியவர்களை அவர் தள்ளிவிடவில்லை. வேறு யாரையாவது அனுப்பும் என்று மோசே சொன்னான். ஆமணக்குச் செடி பட்டுப்போனதற்காகச் சாகவும் தயார் என்று கோபித்த யோனாவோடு அவர் உட்கார்ந்து பேசினார். வலது கை இடது கை வித்தியாசம் தெரியாத லட்சத்து இருபதினாயிரம் பேரைப் பற்றி அவனிடம் கேட்டார். கெத்செமனேயில் நம்முடைய ஆண்டவரே தமக்கு வேண்டியதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தார். வெளிப்படையாகச் சொன்ன மறுப்பை அவர் எடுத்துக் கையாள முடிகிறது. அவருடைய சித்தம் என்ற துணிக்குள் சுற்றி நான் கொண்டுபோகும் மறுப்பை நானே விடாமல் பிடித்துக்கொள்கிறேன். ஜெபித்து முடித்தபின், இதற்கு அவர் ஆம் என்று சொல்லியிருந்தால் நாளைக் காலையில் நான் செய்ய வேண்டிய முதல் வேலை என்ன என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு போன் பேச வேண்டியிருக்கும், ஒரு தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும், ஒரு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். அந்த வேலையைச் செய்யாமல் அதே விஷயத்துக்காக மறுபடி முழங்காலில் நிற்க என் மனைவி என்னை விடுவதில்லை.

எங்கள் சேகரத்தின் கல்லறைத் தோட்டத்தில் இன்னமும் இரண்டு பக்கம் இருக்கிறது. யார் எந்தப் பக்கம் என்று எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். வயதான ஒருவர் இதைக் கமிட்டியில் அவ்வப்போது எடுப்பார். ஒவ்வொரு முறையும் ஜெபித்து முடிவெடுப்போம் என்று தள்ளி வைப்போம். அப்படித் தள்ளி வைத்தவர்களில் நானும் ஒருவன். இந்தத் தடவை, இடம் வரிசைப்படிதான், பக்கம் கிடையாது என்று தீர்மானமாக எழுதிச் செயலரிடம் கொடுத்திருக்கிறேன். வழிமொழிய அந்தப் பெரியவர் சம்மதித்திருக்கிறார். முதல் கையெழுத்து என்னுடையது. அடுத்த கூட்டம் பெந்தெகொஸ்தே ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நடக்கிறது.